டம்பெல் பிடித்துக் குத்தினால் கை வேகமாகுமா? பாக்சிங் பழகும் பசங்களும் பெற்றோரும் தெரிஞ்சுக்க வேண்டியது

எந்த ஊர் மைதானத்திலும் இப்போது பார்க்கக்கூடிய காட்சிதான். நாலு பசங்க, ஒரு செல்போன். ஒருத்தன் கைக்கு ஒரு கிலோ டம்பெல்லைப் பிடித்துக்கொண்டு காற்றில் படபடவெனக் குத்துகிறான். இன்னொருத்தன் வீடியோ எடுக்கிறான். 'ஏலே, இன்னும் வேகமா குத்துலே' என்று பக்கத்தில் ஒரு குரல். ஒரு நிமிடத்தில் எத்தனை குத்து என்ற கணக்கோடு சாயங்காலத்துக்குள் அது ரீல்ஸ் ஆகிவிடும். தூத்துக்குடி தருவை மைதானமோ முத்துநகர் கடற்கரையோ இதற்கு விதிவிலக்காக இருக்கப்போவதில்லை.

ஆசையில் தப்பே இல்லை. 2021-ல் வந்த 'சார்பட்டா பரம்பரை' படம், வட சென்னைக்குள்ளேயே பேசப்பட்டுக்கொண்டிருந்த ஒரு விளையாட்டைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோனது. அதற்கு ரொம்ப முன்பே, சென்னையைச் சேர்ந்த வி.தேவராஜன் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடினார். 1994-ல் பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கினார். தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. துறைமுகத்திலும் உப்பளத்திலும் கடலிலும் உழைக்கிற குடும்பங்களுக்கு, பிள்ளை பாக்சிங் பழகுவது வெறும் பொழுதுபோக்கு இல்லை. வேலை வரைக்கும் போகக்கூடிய ஒரு வழி.

அதனால்தான் இதைப் பேச வேண்டியிருக்கிறது. 'கை வேகம் கூட' என்று சொல்லிச் சுற்றுகிற பல பயிற்சிகள் வேகத்தைக் கூட்டுவதில்லை. தோள்பட்டையை, முழங்கையை, மணிக்கட்டை, சில நேரம் தலையையே கெடுத்துவிடுகின்றன. வேகம் ஒரு பக்கம், பாதுகாப்பு இன்னொரு பக்கம் என்று நினைப்பதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. உண்மையில் கையை வேகமாக்குகிற பழக்கங்கள் எவையோ, அவையேதான் பெரும்பாலும் கையைக் காப்பாற்றுகிற பழக்கங்களும். எப்படி என்று பார்ப்போம்.

ஒரு குத்து எவ்வளவு வேகம்?

2005-ல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழ் ஒன்றில் ஓர் ஆய்வு வெளியானது. ஒலிம்பிக் தரத்தில் இருந்த 7 பாக்சர்களை, சென்சார் பொருத்திய பொம்மைத் தலையைக் குத்தச் சொல்லி அளந்தார்கள். கையின் சராசரி வேகம் நொடிக்கு 9.14 மீட்டர். அதற்கு 20 வருடம் முன்னால், 1985-ல், பிரிட்டனின் ஹெவிவெயிட் வீரர் ஃபிராங்க் புரூனோவின் குத்தை அளந்தபோது கிடைத்தது நொடிக்கு 8.9 மீட்டர். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மணிக்கு 32, 33 கிலோமீட்டர். பாளையங்கோட்டை ரோட்டில் நிதானமாகப் போகிற டூவீலரின் வேகம்.

'இவ்வளவுதானா?' என்று தோன்றும். ஆனால் அந்தக் கை போக வேண்டிய தூரம் அரை மீட்டரோ அதற்குச் சற்று மேலோதான். கிளம்பி, வேகம் பிடித்து, போய்ச் சேர பத்தில் ஒரு நொடியைச் சற்றே தாண்டும். கண்ணால் ஒன்றைப் பார்த்து உடம்பை அசைக்க மனிதனுக்கு ஐந்தில் ஒரு நொடி ஆகும். அதாவது கிளம்பிவிட்ட கையைப் பார்த்துத் தப்பிப்பது யாராலும் முடியாத காரியம்.

அப்படியென்றால் நல்ல பாக்சர்கள் எப்படித் தப்பிக்கிறார்கள்? அவர்கள் பார்ப்பது முஷ்டியை அல்ல. குத்துக்கு முன்னால் எதிராளியின் தோள் லேசாக ஏறுவதை, முழங்கை வெளியே விரிவதை, பின்னங்காலில் எடை மாறுவதை, கை ஒரு அங்குலம் பின்னால் போய்வருவதைப் பார்க்கிறார்கள். குத்து வரப்போகிறது என்று உடம்பே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது.

செலவே இல்லாமல் வேகம் கூட்டும் வழியும் இங்கேதான் இருக்கிறது. கையைப் பின்னால் இழுத்துக் குத்துகிற பழக்கத்தை விட்டுவிட்டால், கையின் வேகம் துளி கூடக் கூடாமலே எதிராளிக்கு உங்கள் குத்து வேகமாகத் தெரியும். இதற்கு வேண்டியது ஒரு கண்ணாடியும் பொறுமையும். மெதுவாக, பாதி வேகத்தில், தாடையை ஒட்டி நிற்கும் கை அங்கிருந்தே நேராகக் கிளம்புகிறதா என்று பார்த்துப் பார்த்துப் பழக வேண்டும். ரீல்ஸ் போட்டால் ஒரு லைக் விழாது, அது உண்மைதான். ஆனால் இந்தப் பயிற்சியால் யாருக்கும் தசை கிழிந்ததில்லை.

வேகம் கையில் இல்லை

1985-ல் சோவியத் ஆய்வாளர்கள் 120 பாக்சர்களை வைத்து ஒரு கணக்கு எடுத்தார்கள். நேர் குத்து ஒன்றின் விசையில் கால், உடம்பு, கை ஆகியவற்றின் பங்கு என்ன என்பது கேள்வி. உச்சத்தில் இருந்த வீரர்களுக்குக் காலின் பங்கு 38 சதவீதத்துக்கு மேல்; கையின் பங்கு 24 சதவீதம்தான். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இது அப்படியே தலைகீழ்: கையின் பங்கு 38, காலின் பங்கு 17-க்கும் கீழே.

இந்தக் கடற்கரையில் இதை விளக்குவது ரொம்பச் சுலபம். வீச்சுவலை போடுகிறவரைக் கவனித்துப் பாருங்கள். வலையைக் கையால் தள்ளுவது போல் நமக்குத் தெரியும். உண்மையில் பாதம் மண்ணை அழுத்துகிறது, இடுப்பு திரும்புகிறது, தோள் அதன் பின்னால் வருகிறது, கை கடைசியில்தான் வந்து விட்டுவிடுகிறது. கையை மட்டும் வைத்து வீசினால் வலை விரியாது. சுருண்டு போய் விழும். குத்தும் அப்படித்தான். பின்னங்காலின் முன்பாதம் தரையைத் தள்ள வேண்டும், குதிகால் திரும்ப வேண்டும், இடுப்பும் தோளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுழல வேண்டும். முஷ்டி அந்தச் சுழற்சியின் நுனி.

வலை வீசுகிறவரின் கை எவ்வளவு தளர்வாக இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இறுக்கிப் பிடித்தவன் வீச முடியாது. கனடாவைச் சேர்ந்த முதுகெலும்பு ஆய்வாளர் ஸ்டூவர்ட் மெக்கில் குழு 2010-ல் சண்டை வீரர்களின் தசைகளில் மின்முனை பொருத்திப் பார்த்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. தசை இரண்டு முறை இறுகுகிறது. கிளம்பும்போது ஒரு தரம், அடி போய்ப் படும்போது இன்னொரு தரம். நடுவில் தளர்ந்துவிடுகிறது. அந்த நடுவில்தான் கை வேகம் பிடிக்கிறது.

புதியவர்கள் செய்வது என்ன? ஆரம்பத்திலிருந்தே பல்லைக் கடித்து, முஷ்டியை இறுக்கி, தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டு குத்துவார்கள். முழங்கையை நீட்டுகிற தசையும் மடக்குகிற தசையும் ஒரே நேரத்தில் இழுத்தால் ஹேண்ட்பிரேக் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுகிற கதை. வேகமும் வராது, தோளும் போகும். 'வேகமா குத்து' என்று கத்துவதை விட 'கையை லூசா விடு' என்று சொல்கிற கோச் இரண்டு மடங்கு வேலை செய்கிறார்.

மூச்சும் இதில் சேர்த்தி. நாலைந்து குத்து சேர்த்து விடும்போது புதியவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். மூச்சை அடக்குவதில் முத்துக்குளிப்பு ஆட்களை மிஞ்ச ஆள் கிடையாது என்று பேர் வாங்கிய ஊர் இது. ஆனால் ரிங்குக்குள் அந்தத் திறமை வேண்டாம். அடக்கிய மூச்சு நெஞ்சையும் தோளையும் இறுக்கிவிடும். ஒவ்வொரு குத்துக்கும் 'ஸ்ஸ்' என்று ஒரு சின்ன மூச்சு வெளியே போக வேண்டும். பெரிய வீரர்கள் குத்தும்போது கேட்கிற சத்தம் அதுதான், ஸ்டைலுக்காக அல்ல.

டம்பெல் விஷயத்துக்கு வருவோம்

கையில் எடையோடு குத்திவிட்டு, எடையைக் கீழே வைத்ததும் கை பறப்பது போல இருக்கும். அது உணர்வுதான். சுமையை இறக்கி வைத்தவுடன் உடம்பே லேசாகத் தோன்றுமே, அதே மாதிரி. பிரச்சினை திசையில் இருக்கிறது. குத்து முன்னால் போகிறது. டம்பெல்லின் எடையோ கீழ்நோக்கி இழுக்கிறது. அதனால் வேலை செய்வது குத்துகிற தசை அல்ல, கை கீழே விழாமல் தாங்குகிற முன்தோள் தசை. குத்தின் பாதையும் மாறும், வேகமும் குறையும். குறைந்த வேகத்தில் ஆயிரம் முறை பழகினால் உடம்பு அந்தக் குறைந்த வேகத்தைத்தான் கற்றுக்கொள்ளும்.

இன்னொரு ஆபத்து நிறுத்துவதில் இருக்கிறது. காற்றில் குத்தும்போது கையை எதுவும் தடுக்காது. நம் தசைதான் பிரேக் போட வேண்டும். வெறுங்கைக்கே அது பெரிய வேலை. அதில் ஒரு கிலோவைச் சேர்த்து முழு வேகத்தில் வீசினால், கை முழுசாக நீண்டு முடிகிற இடத்தில் முழங்கை மூட்டு 'டக்' என்று மோதும். தோள்பட்டைக்குள் இருக்கிற சின்னச் சின்னத் தசைகள் இழுபடும். எலும்பு வளரும் பகுதி இன்னும் மூடாத பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு இது இன்னும் மோசம். வெறுங்கையோடு ஷேடோ பாக்சிங் செய்யும்போதும் முழங்கை பூட்டிக்கொள்ளும் வரை நீட்டாமல், கடைசி ஒரு விரற்கடையை விட்டுவிட வேண்டும்.

எடையே தூக்கக் கூடாதா என்றால், அப்படி இல்லை. எடையோடு குத்துவது வேறு, எடை தூக்கி உடம்பை வலுப்படுத்துவது வேறு. குந்தி எழுவது, தண்டால், மெடிசின் பாலை இடுப்பைச் சுழற்றிச் சுவரில் எறிவது இதெல்லாம் காலிலிருந்து கை வரைக்கும் அந்தச் சுழற்சியை வளர்க்கும். முக்கியமாக முதுகுத் தசை. ரப்பர் பேண்டைக் கம்பியில் கட்டி நெஞ்சுக்கு இழுப்பது, புல்-அப் எடுப்பது போன்றவை கையை நிறுத்தவும் திரும்ப இழுக்கவும் உதவும். நம் பசங்க நெஞ்சுக்கும் கைக்கும் மட்டும் உழைத்து முதுகை மறந்துவிடுவார்கள்; கண்ணாடியில் தெரியாத தசை பாருங்க. ஆனால் போன கை எவ்வளவு சீக்கிரம் தாடைக்குத் திரும்புகிறதோ, அவ்வளவு சீக்கிரம்தான் அடுத்த குத்து கிளம்பும். திரும்பாத கை, திறந்து கிடக்கிற கதவு.

மணல் மூட்டை என்ற எமன்

நமது பகுதியில் தனியாகச் சொல்லியாக வேண்டிய விஷயம் இது. விலை கொடுத்து பஞ்சிங் பேக் வாங்க முடியாத இடங்களில் ஒரு சாக்கிலோ பழைய பேண்ட் துணியிலோ கடற்கரை மணலை நிரப்பித் தொங்கவிடுவார்கள். முதல் நாள் நன்றாகத்தான் இருக்கும். அடி வாங்க வாங்க மணல் கீழே இறங்கிக் கெட்டிப்படும். கடல்காற்றின் ஈரமும் சேர்ந்தால் மூட்டையின் கீழ்ப்பாதி கல்தான். அதை முழு வேகத்தில் குத்துகிறவன் பாறையைக் குத்துகிறான்.

முஷ்டியில் ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றின் எலும்புகள் மணிக்கட்டோடு அசையாமல் உறுதியாகப் பிணைந்தவை. சுண்டுவிரல் பக்கத்து எலும்பு அப்படி இல்லை; அது அசையும், மெலிந்தது. அந்த எலும்பின் கழுத்தில் விழுகிற முறிவுக்கு மருத்துவத்தில் 'பாக்சர் முறிவு' என்றே பெயர். வேடிக்கை என்னவென்றால், சரியாகப் பழகிய பாக்சர்களைவிடக் கோபத்தில் சுவரைக் குத்துகிறவர்களுக்குத்தான் இது அதிகம் வரும். பாக்சர்களுக்கு வேறு தொல்லை: விரல் முட்டியின் மேல் ஓடும் நரம்பு போன்ற தசைநாணை மூடியிருக்கும் உறை கிழிந்துபோவது. முட்டி வீங்கும், இரண்டு நாளில் வலி குறையும், மறுபடி குத்துவார்கள், மறுபடி வீங்கும். 'பழகினா சரியாயிரும்' என்று விட்டுவிட்டால் அறுவை சிகிச்சை வரைக்கும் போகும். பிரிட்டனின் ஒலிம்பிக் பாக்சிங் அணியைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்த மருத்துவர்கள், அதிகம் அடிபட்ட இடம் கையும் மணிக்கட்டும்தான் என்று பதிவு செய்திருக்கிறார்கள். அவ்வளவு வசதி உள்ளவர்களுக்கே அந்த நிலைமை.

செய்ய வேண்டியது பெரிய செலவு இல்லை. மூட்டையில் மணலுக்குப் பதில் பழைய துணிக் கிழிசலை அடைக்கலாம். தையல் கடைகளில் சும்மாவே கிடைக்கும். எடை வேண்டுமென்றால் கொஞ்சம் மணலைத் தனிப் பையில் கட்டி நடுவில் வைத்துச் சுற்றிலும் துணியைத் திணிக்கலாம். வாரம் ஒரு தரம் கையால் அழுத்திப் பார்த்து, கெட்டியான இடம் இருந்தால் பிரித்து அடைக்க வேண்டும். கையில் நாலரை மீட்டர் ஹேண்ட் ரேப்பை மணிக்கட்டு, உள்ளங்கை, விரல் முட்டி என்று முறையாகச் சுற்றிக்கொண்டு, அதற்கு மேல் கிளவுஸ். வெறும் கிளவுஸ் போதாது. அதன் பஞ்சு அடியைத் தாங்கும், மணிக்கட்டு மடங்குவதைத் தடுக்காது. அடி படும் நொடியில் முன்னங்கையும் முஷ்டியின் மேல்பக்கமும் ஸ்கேல் வைத்த மாதிரி ஒரே கோட்டில் இருக்க வேண்டும்.

ஒரு சின்ன விஷயம். இந்த ஊர்ப் புழுக்கத்தில் ஒரே கிளவுஸை ஐந்து பேர் மாற்றி மாற்றிப் போட்டால் படை, சொறி, கொப்புளம் நிச்சயம். ஹேண்ட் ரேப்பாவது ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், தினமும் துவைத்துப் போடுங்கள்.

எப்போது, எவ்வளவு?

ஒரே நாளில் ஆயிரம் குத்து என்று ஒரு 'சேலஞ்ச்' அவ்வப்போது சுற்றும். ஆயிரம் குத்து என்பது தாங்கும் சக்திக்கான பயிற்சி. வேகத்துக்கானது இல்லை. தசைக்குள் உடனடியாகப் பயன்படத் தயாராக இருக்கிற எரிபொருள், முழு வேகத்தில் சில நொடிகளுக்குத்தான் வரும். அது பெருமளவு திரும்ப நிரம்ப இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதற்குள் மறுபடி தொடங்கினால் நீங்கள் செய்வது வேகப் பயிற்சி என்ற பெயரில் களைப்புப் பயிற்சி.

அதனால் ஒழுங்கு இப்படி இருக்கலாம். முதலில் பத்துப் பதினைந்து நிமிடம் ஸ்கிப்பிங், தோள் சுழற்றல், மெதுவான ஷேடோ பாக்சிங். உடம்பு சூடான பிறகு, களைப்பு வருவதற்கு முன்னால், வேகப் பயிற்சி. 6 முதல் 8 நொடி முழு வேகம், பிறகு ஒன்றரை, இரண்டு நிமிடம் நடை. இப்படி ஆறு முறை போதும். மூட்டை, கண்டிஷனிங் எல்லாம் அதற்கு அப்புறம். வாரத்துக்கு இரண்டு நாள், ஆரம்பத்தில் அதுவே அதிகம். குத்து மெதுவாகிவிட்டது, கை தாடைக்குத் திரும்பவில்லை என்று தெரிந்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். ஆறு முறை கணக்கு முடியவில்லையே என்ற வருத்தம் வேண்டாம். மூட்டுக் காயம் பெரும்பாலும் களைத்துப் போய்க் குத்துகிற அந்தக் கடைசி சுற்றுகளில்தான் வரும்.

முன்னேற்றத்தை அளக்கவும் அதே செல்போன் உதவும். நிறைய போன்களில் நொடிக்கு 240 படம் எடுக்கிற ஸ்லோமோஷன் வசதி இருக்கிறது. பக்கவாட்டில் வைத்து ஒரு ஜாப்பை எடுத்து, கை கிளம்பிய படத்திலிருந்து முழுசாக நீண்ட படம் வரைக்கும் எண்ணுங்கள். 30 படம் வந்தால் எட்டில் ஒரு நொடி. திரும்பி வருவதற்கு எத்தனை படம் என்றும் எண்ணுங்கள். பெரும்பாலானவர்களுக்குப் போகிற வேகம் நன்றாக இருக்கும், திரும்புகிற வேகத்தைப் பார்த்தால்தான் அதிர்ச்சி. இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் பார்த்தால் போதும். தினமும் அளந்தால் பைத்தியம் பிடிக்கும்.

வெயில், தண்ணீர், எடை

விடியும் முன்னே உப்பளத்துக்குக் கிளம்புகிறவர்களுக்கு இந்த ஊர் வெயிலைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பயிற்சியையும் அதே கணக்கில் வைத்துக்கொள்ளலாம்: காலை எட்டுக்குள், அல்லது வெயில் தாழ்ந்த பிறகு. கடலோரப் புழுக்கத்தில் வியர்வை காயாமல் வழிந்துகொண்டே இருக்கும், உடம்புச் சூடு இறங்காது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். 50 கிலோ பையன் ஒரு கிலோ இறங்கியிருந்தால் அது உடம்பு எடையில் 2 சதவீதம். கைவேகமும் கவனமும் குறைய அதுவே போதும். இறங்கினது கொழுப்பு அல்ல, தண்ணீர்.

எடைப் பிரிவுக்குள் நுழைய பிளாஸ்டிக் உடை மாட்டிக்கொண்டு ஓடுவது, முந்தின நாளிலிருந்து தண்ணீர் குடிக்காமல் எச்சில் துப்பிக்கொண்டே இருப்பது என்று ஒரு பழக்கம் பாக்சிங்கிலும் மல்யுத்தத்திலும் இருக்கிறது. 1997-ன் கடைசியில் அமெரிக்காவில் சில வாரங்களுக்குள் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி எடை குறைக்கப் போய் இறந்தார்கள். அதற்குப் பிறகு அங்கே கல்லூரி விளையாட்டில் ரப்பர் உடைகளைத் தடை செய்தார்கள். வளர்கிற பிள்ளையை எடை குறைக்கச் சொல்வதற்குப் பதில் அடுத்த எடைப் பிரிவில் ஆடவிடுவதே நல்லது.

தலை

இதுவரை சொன்னதெல்லாம் கை. கை உடைந்தால் கூடிவிடும்.

1980-ல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் கண்காட்சிப் போட்டி ஆடினார். அந்த எடையில் அவர் அளவுக்கு வேகமான கை இருந்ததில்லை என்று சொல்லப்பட்டவர். அவருடைய இளமைக்கால ஆட்டத்தில் வேகம் முதலில் பயன்பட்டது அடி வாங்காமல் இருக்கத்தான். சென்னைக்கு வந்துபோன நாலு வருடத்தில், 1984-ல், அவருக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பது உறுதியானது. தலையில் வாங்கிய அடிகளுக்கும் அதற்கும் எவ்வளவு தொடர்பு என்பதில் மருத்துவர்களுக்குள் வாதம் உண்டு. ஆனால் திரும்பத் திரும்பத் தலையில் படுகிற அடி மூளையைப் பாதிக்கும் என்பதில் வாதம் இல்லை.

தூரத்துக் கதையாகவும் இதை ஒதுக்க முடியாது. 2022 ஜூலையில் பெங்களூரு கிக்பாக்சிங் போட்டி ஒன்றில் அடிபட்ட இளைஞர் இறந்தார். அடுத்த மாதமே சென்னையில் நடந்த தேசிய கிக்பாக்சிங் போட்டியில் தலையில் அடிபட்ட அருணாச்சலப் பிரதேச வீரர், சிகிச்சை பலனின்றி உயிரிழந்தார். இருவருக்கும் வயது இருபதுகளின் தொடக்கம். கிக்பாக்சிங் வேறு, பாக்சிங் வேறு என்று சொல்லலாம். தலைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அமெரிக்க, கனடிய குழந்தை மருத்துவர் சங்கங்கள் 2011-ல் கூட்டாக அறிக்கை விட்டு, குழந்தைகளும் பதின்ம வயதினரும் பாக்சிங்கில் ஈடுபடுவதையே எதிர்த்தன. அந்த அளவுக்கு நாம் போக வேண்டியதில்லை என்பது இந்தக் கட்டுரையின் கருத்து. ஷேடோ, மூட்டை, பேட் என்று அடி வாங்காமல் பழகுகிற பாக்சிங் நல்ல விளையாட்டுதான். ஆனால் பெற்றோர் அந்த அறிக்கை இருப்பதைத் தெரிந்துகொண்டுதான் சம்மதிக்க வேண்டும்.

வேகத்தை ஸ்பாரிங்கில் வளர்க்கக் கூடாது என்பது இங்கே முக்கியமான விதி. கோச் பிடிக்கிற பேடில் வளர்க்கலாம், மூட்டையில் வளர்க்கலாம். புதிதாக வேகம் வந்த கையைச் சக மாணவனின் தலையில் சோதித்துப் பார்ப்பது கூடாது. ஸ்பாரிங்கில் பெரிய கிளவுஸ், மவுத்கார்டு, ஹெட்கார்டு மூன்றும் வேண்டும். அதோடு ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: ஹெட்கார்டு வெட்டுக்காயத்தைத் தடுக்கும், மண்டைக்குள் மூளை குலுங்குவதைத் தடுக்காது.

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கடைசியாக 1961-ல் நடந்தது, கல்லைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குகிறவர் மேலே படகில் கயிறு பிடிக்கிற வேலையை மச்சானிடம்தான் கொடுப்பார் என்று நம்ம பக்கம் சொல்வார்கள். தங்கச்சி வாழ்க்கை அந்தக் கயிற்றில் இருக்கிறதே, அசர மாட்டான் என்ற கணக்கு. கீழே இருக்கிறவருக்கு எவ்வளவு முத்துச்சிப்பி ஆசை இருந்தாலும், எப்போது மேலே இழுப்பது என்பது கயிற்றில் கை வைத்திருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஸ்பாரிங்கில் அந்த இடத்தில் நிற்பவர் கோச். அடி வாங்கிய பையன் 'ஒண்ணும் இல்ல சார், நான் ஆடுறேன்' என்றுதான் சொல்வான். அவன் பேச்சை நம்பி விடுகிறவர் அந்த வேலைக்கு ஆகாதவர்.

அடி பட்ட பிறகு தலைவலி, கிறுகிறுப்பு, வெளிச்சம் கூசுவது, குமட்டல், கேட்டதையே திரும்பக் கேட்பது, 'எத்தனையாவது ரவுண்ட்' என்பது மறந்துபோவது, இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. தலையில் அடிபட்டு நாக்அவுட் ஆனால் குறைந்தது 30 நாள் ஸ்பாரிங்கும் கூடாது, போட்டியும் கூடாது என்பது அமெச்சூர் பாக்சிங்கில் நெடுநாளாக இருக்கிற விதி. பயிற்சிக் கூடத்தில் அடிபட்டாலும் அதே கணக்குதான். இந்த விதி எழுதி ஒட்டப்பட்டிருக்கிற பயிற்சிக் கூடங்கள் எத்தனை?

சேர்க்கும் முன் என்ன கேட்பது?

பெற்றோர் கோச்சிடம் தயங்காமல் கேளுங்கள். பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனத்தின் டிப்ளமோவோ வேறு அங்கீகாரமோ இருக்கிறதா? பிள்ளை எத்தனை மாதம் கழித்து ஸ்பாரிங் ஆடுவான்? யாரோடு, எந்த எடையில்? முதலுதவிப் பெட்டி எங்கே? மூட்டையை அழுத்திப் பாருங்கள். பதில் சொல்ல எரிச்சல்படுகிறவரிடம் பிள்ளையை விட வேண்டாம்.

மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்கும் இதில் வேலை இருக்கிறது. கட்டணம் வாங்கிக்கொண்டு பாக்சிங், கிக்பாக்சிங் கற்றுத்தருகிற ஒவ்வொரு இடத்தின் பட்டியலும் அவர்களிடம் இருக்க வேண்டும். பயிற்றுநரின் தகுதி, தலைக்காய விதி, அவசர எண் மூன்றும் வாசலில் தமிழில் ஒட்டப்பட வேண்டும். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும். போட்டி நடத்துகிறவர்கள் டாக்டரும் ஆம்புலன்சும் வந்து நிற்காமல் முதல் மணியை அடிக்கக் கூடாது.

வீட்டில் இருப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. தலையில் அடிபட்ட பிள்ளை வீட்டுக்கு வந்து அசதியாகப் படுத்தால் 'தூங்கட்டும்' என்று அப்படியே விட்டுவிடாதீர்கள். தொடர்ந்து வாந்தி, கூடிக்கொண்டே போகிற தலைவலி, பேச்சுக் குழறல், ஒரு கண்பாவை மட்டும் பெரிதாகத் தெரிவது, வலிப்பு, எழுப்பினால் எழாத தூக்கம், இதில் எது தெரிந்தாலும் 108-ஐ அழைத்து நேராக அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பாக்சிங்கில் அடிபட்டது என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.